அரைப் பாகை பிசகு: கல்லடி வீட்டுப் பட்டறை விபத்து ஒன்றின் ஆய்வு

மட்டக்களப்பு கல்லடியில் ஒரு வீட்டின் பின்விறாந்தையில் நடந்த விபத்து இது. காயப்பட்டவருக்கு நாற்பதுகளில் வயது. பகலில் அலுவலக வேலை, மாலையிலும் வார இறுதியிலும் மரவேலை. படச்சட்டம், சாமித்தட்டு, பிள்ளைகளுக்கான சின்ன மேசை என்று அக்கம்பக்கத்துக்குச் செய்து கொடுப்பார். ஓடாவிக் குடும்பத்தில் பிறந்தவர் இல்லை. காணொளி பார்த்தும், செய்து பழகியும் கற்றுக்கொண்டவர். கைத்திறன் உள்ளவர்தான். அவர் செய்த சட்டம் ஒன்று என் வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது.

இடக்கை ஆள்காட்டி விரலின் நுனி நசுங்கி நகம் போய்விட்டது. முன்கையில் மரச்சிராய் கிழித்த இடத்தில் தையல் போட்டார்கள். அவர் மைட்டர் வாளில், அதாவது மரத்தைக் கோணம் வைத்துக் குறுக்கே வெட்டும் மின்வாளில், வேலை செய்துகொண்டிருந்தார். அதன் பிளேட் அவருடைய தோலைத் தொடவே இல்லை. இந்த விபத்தில் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான். மைட்டர் வாள் என்றதும் எல்லாருக்கும் பிளேட்தான் பயம். இங்கே கையைக் காயப்படுத்தியது, அவரே வெட்டிய ஆறு அங்குலத் தேக்குத் துண்டு.

மறுநாள் வீட்டார் கூப்பிட்டதால் போய்ப் பார்த்தேன். நல்ல வேளையாக யாரும் பட்டறையைக் கூட்டிப் பெருக்கியிருக்கவில்லை. ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். மாமியார் நாவூறு என்றார். தம்பி, பழைய மெஷின் வாங்கினால் இப்படித்தான் என்றார். மனைவி மட்டும், "அவர் கவனமாத்தான் வெட்டுறவர் அண்ணன், எப்படி நடந்ததெண்டே விளங்கல்ல" என்றார். மனைவி சொன்னது சரி. அவர் கவனமாகத்தான் வெட்டியிருக்கிறார். கவனம் இருந்தும் ஏன் நடந்தது என்று பார்த்தால்தான் இந்தக் கதையில் ஏதாவது பிரயோசனம் இருக்கிறது.

மெஷினும் அது நின்ற இடமும்

10 அங்குல, அதாவது 255 மில்லிமீற்றர் பிளேட் போடும் இழுவை மைட்டர் வாள். மோட்டரும் பிளேட்டும் உள்ள தலையை முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளி வெட்டுவது. இரண்டாம் கையாக வாங்கியது. சுவிட்சை விட்டதும் பிளேட்டை நிறுத்தும் பிரேக் இந்த மொடலில் இல்லை. இந்த அளவு மெஷின்கள் சுமையில்லாமல் நிமிடத்துக்கு 4500 முதல் 5000 சுற்று வரை ஓடும். 4800 என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு 80 சுற்று. பிளேட்டின் சுற்றளவு ஏறத்தாழ 80 சென்ரிமீற்றர். ஆக, பல் போகும் வேகம் நொடிக்கு 64 மீற்றர், மணிக்கு 230 கிலோமீற்றர். கண் கண்டு, மூளை விளங்கி, கை பின்வாங்குவதற்குக் கால் நொடி ஆகும். அதற்குள் பிளேட் இருபது தரம் சுற்றிவிடும். "ஏதாவது நடந்தால் கையை எடுத்துக்கொள்ளலாம்" என்ற நினைப்புக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

மெஷினில் பூட்டியிருந்தது 24 பல் பிளேட். மரத்தை நீளவாக்கில் கிழிப்பதற்கென்று மேசை வாளுக்குச் செய்தது. அளவு ஒன்று, நடுத்துளையும் ஒன்று, அதனால் பொருந்திவிட்டது. ஆனால் கிழிக்கும் பிளேட்டின் பற்கள் முன்னோக்கி நன்றாகச் சாய்ந்திருக்கும். சாய்வு 15, 20 பாகை வரை போகும். அந்தச் சாய்வு மரத்தைக் கொக்கி போட்டு இழுக்கும். மேசை வாளில் மரத்தை நாம் பிளேட்டுக்கு எதிராகத் தள்ளுகிறோம், ஆகவே அங்கே அது உதவி. இழுவை மைட்டர் வாளில் பிளேட்தான் மரத்தின் மேல் வருகிறது. அதனால் சாய்வு மிகக் குறைந்த, அல்லது பின்பக்கமாகச் சாய்ந்த பற்களைத்தான் போடவேண்டும். படச்சட்ட வேலைக்கு 60 முதல் 80 பல் வரை இருந்தால் வெட்டு முகமும் மழமழப்பாக வரும்.

மெஷின் ஒரு பழைய மரமேசையில் சும்மா வைக்கப்பட்டிருந்தது. ஆணியும் இல்லை, போல்ட்டும் இல்லை. சீமெந்துத் தரையில் மேசைக்கால் அரை அங்குலம் அரைத்துக்கொண்டு நகர்ந்த கோடு புதிதாகத் தெரிந்தது. விறாந்தையின் ஒரே பல்ப் அவருக்குப் பின்னால். வெட்டும் இடத்தில் அவருடைய நிழல்தான் விழும்.

அன்று மாலை

ஓய்வு பெறும் ஆசிரியை ஒருவரின் பிரியாவிடைக்காக 4க்கு 6 அங்குலப் படச்சட்டங்கள் 12 கேட்டிருந்தார்கள். மறுநாள் காலை கொடுக்கவேண்டும். தேக்குச் சட்டம், 30 மில்லிமீற்றர் அகலம், 18 மில்லிமீற்றர் தடிப்பு. நீளத்துண்டு 24, குட்டைத்துண்டு 24, எல்லாவற்றையும் பிற்பகலிலேயே வெட்டி முடித்துவிட்டார். அதுவரை ஒரு சிக்கலும் இல்லை.

ஒட்டுவதற்கு முன் நான்கு துண்டையும் தரையில் வைத்துச் சேர்த்துப் பார்த்திருக்கிறார். மூன்று மூலை பொருந்தியது. நான்காவது மூலை வாய் பிளந்து நின்றது. ஏறத்தாழ 3 மில்லிமீற்றர்.

ஒரு சட்டத்துக்கு நான்கு மூலை, எட்டு வெட்டு. ஒவ்வொரு வெட்டிலும் அரைப் பாகை பிசகினால் எட்டுக்கும் சேர்த்து நான்கு பாகை. முதல் மூன்று மூலையையும் இறுக்கிச் சேர்த்துவிட்டால் அந்த நான்கு பாகையும் போய்க் கடைசி மூலையில் குவியும். 30 மில்லிமீற்றர் சட்டத்தின் சாய்வெட்டு 42 மில்லிமீற்றர் நீளம். அதில் நான்கு பாகை என்றால் 3 மில்லிமீற்றர் இடைவெளி. அவர் கண்ட பிளவும் அதேதான்.

நான் பார்த்தபோது மெஷினின் சுழல்தட்டில் 45 பாகைக்கான குழியில் மரத்தூள் இறுகிப் போயிருந்தது. தேக்கின் எண்ணெயும் மாரிகால ஈரமும் சேர்ந்து அதைக் கிட்டத்தட்டப் பசையாக்கியிருந்தன. தட்டைக் கோணத்தில் பூட்டும் கொண்டி குழிக்குள் முழுதாக இறங்கவில்லை. 'டக்' என்று சத்தம் வரும், ஆகவே 45இல் நிற்கிறது என்று ஆள் நம்பிவிடுவார். பழைய பல்துலக்கும் தூரிகையால் நாலு தேய்ப்புத் தேய்த்தால் போயிருக்கும்.

அவர் அதைத் தேடவில்லை. தேட நேரமும் இருக்கவில்லை. பாகைக் கோட்டைக் கண்மதிப்பில் ஒரு மயிரிழை தள்ளி வைத்துக்கொண்டு, வெட்டிய துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து நுனியை ஒரு மில்லிமீற்றர் செதுக்கத் தொடங்கியிருக்கிறார். விபத்து இங்கேதான் தொடங்குகிறது. பிற்பகலில் வெட்டியபோது நீளமான சட்டம் கையில் இருந்தது, பிடிக்க இடம் இருந்தது. இப்போது கையில் இருப்பவை சின்னத் துண்டுகள்.

4 அங்குலப் பக்கத்துக்கான துண்டின் வெளிநீளம் 150 மில்லிமீற்றர். அதன் நட்டநடுவில் விரலை வைத்தாலும் பிளேட்டுக்கு 75 மில்லிமீற்றர்தான் தூரம். கை பிளேட்டிலிருந்து 150 மில்லிமீற்றராவது தள்ளி நிற்கவேண்டும் என்பது மைட்டர் வாளின் பொதுவான விதி. பல மெஷின்களின் தட்டில் கை வரக்கூடாத எல்லையைச் சிவப்புக் கோடாகவே போட்டிருப்பார்கள். நீளப் பக்கத்துத் துண்டும் 200 மில்லிமீற்றர்தான். அதன் நடுவும் 100இல் வந்துவிடும். ஆக, இந்தச் சட்டத்தின் எந்தத் துண்டையும் கையால் பிடித்து வெட்டவே முடியாது. எவ்வளவு கவனமான ஆளாக இருந்தாலும் முடியாது.

அவருக்கும் இது தெரிந்திருக்கிறது. "கைய கிட்டக் கொண்டுபோகல்ல அண்ணன், றீப்பைத் தடியாலதான் அமத்தினநான்" என்றார். துண்டின் இடது நுனி, அளவுக்காகப் பூட்டிய முட்டுக்கட்டையில், வலது நுனி பிளேட்டுக்கு. மேலே ஒரு றீப்பைத் துண்டால், அதாவது மெல்லிய மரச்சட்டத்தால், இடக்கை அமத்துகிறது. வலக்கை பிடியில். சில துண்டுகள் அப்படியே நன்றாக வந்துவிட்டன. அதுதான் பொல்லாதது. பிழையான முறை முதல் தரத்திலேயே அடித்தால் யாரும் அதைத் தொடரமாட்டார்கள்.

துண்டு சொன்ன கதை

உடைந்த துண்டின் ஒரு பாதி மேசைக்குக் கீழே கிடந்தது. மற்றது பின்சுவரில் மோதி விறாந்தை மூலைக்குப் போயிருந்தது. சுவரில் நெஞ்சு உயரத்தில் காரை பெயர்ந்திருந்தது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். வலது நுனிக்குப் பக்கத்தில், மரத்தைச் சாய்த்து வைக்கும் பின்தடுப்பைத் தொட்டிருந்த முகத்தில் மூன்று வளைந்த கீறல். மூன்றும் கீழே ஆழம், மேலே போகப் போக மெலிவு. மைட்டர் வாளின் பிளேட் முன்பக்கத்தில் கீழிறங்கி, அடியில் பின்னோக்கிப் போய், பின்தடுப்புக்குப் பக்கத்தில் மேலே ஏறும். அந்த ஏறும் பற்கள்தான் துண்டைக் கவ்வியிருக்கின்றன. வெட்டும்போது போட்ட கீறல் என்றால் வெட்டு முகத்தில் இருக்கும். இது பக்கவாட்டில் இருக்கிறது. அப்படியென்றால் வெட்டு முடிந்தபிறகு, பிளேட் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்போது மெஷின் தலையை மேலே தூக்கியிருக்கிறார். கேட்டேன். ஓம், சுவிட்சை விட்டுவிட்டு உடனே தூக்கினேன் என்றார். பிரேக் இல்லாத மெஷின் சுவிட்சை விட்ட பிறகும் பல நொடி சுற்றும். பெல்ட் ஓய்ந்த அரிசி ஆலை மாதிரி, சத்தம் அடங்கினாலும் சில்லு ஓடிக்கொண்டிருக்கும்.

முட்டுக்கட்டையில் துண்டின் கூர்நுனி குத்திய பள்ளம் இருந்தது. துண்டு ஒரு பக்கம் முட்டுக்கட்டைக்கும் மறுபக்கம் பிளேட்டுக்கும் இடையில் அகப்பட்டிருக்கிறது. பிளேட் தூக்கியபோது விலகிப்போக இடமில்லை. மேலே அமத்திய றீப்பையோ ஒற்றைக்கை பலத்தில் நிற்கிறது. துண்டு எழும்பி, குறுக்காகத் திரும்பி, இறுகி, உடைந்து பறந்தது. றீப்பை துள்ளியது. பிடியிலிருந்த வலக்கை அதிர்ந்து மெஷின் தலை ஆடியது, மேசை நகர்ந்தது. றீப்பைக்கும் பின்தடுப்புக்கும் இடையில் ஆள்காட்டி விரல் அகப்பட்டது. பிளேட்டின் ஒரு கார்பைட் பல் முழுதாகக் காணோம், இரண்டில் ஓரம் உதிர்ந்திருந்தது. அந்தப் பல்லை எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. அவர் அன்று கண்ணாடி போட்டிருந்தார். வாசிக்கும் கண்ணாடி, பாதுகாப்புக் கண்ணாடி இல்லை. பல் வேறு பக்கம் போனது தற்செயல்.

மரவேலைக்காரர் பலர் முட்டுக்கட்டையை ஒரு பாதுகாப்பாக நினைக்கிறார்கள். அது அளவுக்கான சாதனம், அவ்வளவுதான். துண்டைப் பிடிக்காமல், முட்டுக்கட்டைக்கும் பிளேட்டுக்கும் நடுவில் விட்டால் அது பொறி.

என்ன மாற்றினோம்

முதலில் பிளக்கைக் கழற்றிவிட்டு, குழியைத் துப்புரவாக்கிக் கோணத்தைச் சரிபார்த்தோம். மூலைமட்டத்தை மட்டும் நம்பவில்லை. கழிவு மரத்தில் நான்கு துண்டு நீளமாக வெட்டி ஒரு சட்டமாகச் சேர்த்துப் பார்த்தோம். மூலைமட்டத்தில் தெரியாத கால் பாகையும் நான்காவது மூலையில் எட்டு மடங்காகப் பெருகி முன்னால் வந்து நிற்கும். இனி ஒவ்வொரு வேலைக்கும் முதல் வெட்டு இந்தப் பரிசோதனைச் சட்டம்தான் என்று முடிவு. மரம் கொஞ்சம் வீண்தான். தேக்கு விற்கும் விலைக்கு அவருக்கு மனம் வரவில்லை. பழைய பலகைப்பெட்டி மரத்தில் செய்கிறார். அது போதும்.

இரண்டாவது மாற்றம்தான் பெரியது. ஒரு மில்லிமீற்றர் செதுக்கும் வேலையை மைட்டர் வாளிலிருந்தே எடுத்துவிட்டோம். அந்த வேலைக்குப் பழைய ஆட்களிடம் சீவுளி இருந்தது. ஒரு பலகையில் 45 பாகையில் ஒரு கட்டையை அறைந்து, துண்டை அதில் சாய்த்து, சீவுளியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து இழுத்தால் காகிதத் தடிப்பில் சீவல் வரும். எவ்வளவு போகிறது என்று கண்ணால் காணலாம். சத்தம் இல்லை, பறக்கிற துண்டு இல்லை. மீதி இருந்த துண்டுகளை அவருடைய தம்பி இப்படித்தான் சீவி முடித்தார். அலகு மட்டும் நன்றாகத் தீட்டியிருக்கவேண்டும்.

குட்டைத் துண்டுகளை நீளச் சட்டத்திலிருந்து முதல் தரம் வெட்டும் முறையையும் மாற்றினோம். நீளச் சட்டத்தைக் கிளாம்ப் போட்டு இறுக்குவது. முட்டுக்கட்டைக்கும் சட்ட நுனிக்கும் நடுவில் ஒரு சின்னப் பலகைத்துண்டை வைத்து அளவெடுப்பது. சட்டத்தை இறுக்கியதும் அந்தப் பலகைத்துண்டை எடுத்துவிடுவது. அப்போது வெட்டுப்படும் துண்டுக்கு இடதுபக்கம் வெறும் இடம் இருக்கும். பிளேட் தொட்டாலும் தள்ளிப் போகும், இறுகாது. அளவும் பிசகாது. பிறகு சுவிட்சை விட்டு, தலையைக் கீழேயே வைத்திருந்து, பல் ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியும்வரை நின்றபிறகுதான் தூக்குவது. இந்தக் கடைசிப் பழக்கம்தான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. 48 துண்டுக்கு 48 தரம் சும்மா நிற்கவேண்டும். நின்றுதான் ஆகவேண்டும்.

பின்தடுப்பிலும் தட்டிலும் ஒரு மெல்லிய பலகையை அறைந்து, பிளேட்டால் அதில் ஒரு வெட்டுப் போட்டுக்கொண்டார். பிளேட் போகுமளவு இடுக்கு மட்டும்தான் இப்போது திறந்திருக்கிறது. முன்பு இருந்த அகன்ற வாயில் கூர்நுனித் துண்டுகள் விழுந்து சிக்கிக்கொள்ளும். வெட்டு முகத்தில் சிராய் எழும்புவதும் குறைந்துவிட்டது.

மேசையைச் சுவரோடு பூட்டி, மெஷினை நாலு போல்ட்டால் மேசையில் இறுக்கியாயிற்று. இரண்டு பக்கமும் தட்டின் உயரத்துக்குச் சரியாகக் கட்டை வைத்து, நீளச் சட்டம் தொங்காமல் செய்தோம். தொங்குகிற சட்டம் வெட்டு முடியும்போது கீழே மடிந்து பிளேட்டை நெரிக்கும். வளைந்த மரம் வந்தால் வளைவின் புடைத்த பக்கம் பின்தடுப்பில் படவேண்டும். மறுபக்கமாக வைத்தால் வெட்டும் இடத்தில் பின்னால் வெளி விழுந்து, மரம் பிளேட்டைக் கவ்வும். மாரி முடிந்து வெயில் தொடங்கும் நாட்களில் எங்கள் பக்கத்து மரம் எல்லாம் இப்படி முறுகும்.

இழுவை மைட்டர் வாளில் இன்னொரு பிழை பரவலாக நடக்கிறது. தலையைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டே வெட்டுகிறார்கள். அப்படிச் செய்தால் பிளேட் மரத்தின் மேல் ஏறி ஆளை நோக்கி ஓடிவரும். தலையை முன்னே இழுத்து, சுவிட்சைப் போட்டு, கீழிறக்கி, பின்தடுப்பை நோக்கித் தள்ளி வெட்டுவதே முறை. அவருக்கு இது ஏற்கெனவே சரியாகத் தெரிந்திருந்தது.

மின்சாரம், உடுப்பு, தூசி

இவை இந்த விபத்துக்குக் காரணம் இல்லை. ஆனால் பார்த்ததை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை.

1800 வோட்ஸ் மெஷின் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8 அம்பியர் எடுக்கும், தொடங்கும் நொடியில் அதைவிட மேலே. அவர் 5 அம்பியர் பிளக்கில் அடப்டர் போட்டு, மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் ஓட்டிக்கொண்டிருந்தார். பிளக் பழுப்பு நிறமாகியிருந்தது. இப்போது 13 அம்பியர் பொயின்ற்றில் நேராகக் குத்துகிறார். கரன்ட் போனால் உடனே பிளக்கைக் கழற்றவேண்டும். சுவிட்சைப் பூட்டிவைக்கும் பொத்தான் உள்ள மெஷின் என்றால், கரன்ட் திரும்பி வரும்போது ஆள் இல்லாமலே ஓடத் தொடங்கும்.

சாரம் கட்டிக்கொண்டு, செருப்போடு வெட்டுவது வீட்டுப் பட்டறைகளில் சாதாரணம். சாரத்தைவிட என் கவலை மணிக்கட்டில் கட்டும் கோயில் நூலைப் பற்றியது. தொங்கும் முனையை உள்ளே செருகி, மேலே கை இறுக்கமான சட்டை போட்டுக்கொள்ளலாம். மோதிரம், மணிக்கூடு கழற்றவேண்டும்.

மைட்டர் வாளின் சத்தம் 100 டெசிபல் அளவில் இருக்கும். அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனமான நயோஷின் கணக்கில் அந்தச் சத்தத்தைக் காது தாங்கும் நேரம் ஒரு நாளைக்கு 15 நிமிடம். மரத்தூளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995இலேயே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. முதிரை மரத்தின் தூள் சிலருக்குத் தோலில் கடியும் தடிப்பும் உண்டாக்கும். ஓடாவிமார் இதை எப்போதோ அறிவார்கள். முகக்கவசம் வாங்கியிருக்கிறார். போடுகிறாரா என்று மனைவியிடம்தான் கேட்கவேண்டும்.

பழைய கதவுநிலை, கட்டில் சட்டம் வெட்டினால் ஆணி தேடவேண்டும். கிழக்கில் வெட்டிய மரத்துக்குள் போர்க்காலத் துப்பாக்கிச் சன்னமும் இருக்கக்கூடும். ஒரு காந்தத்தால் தடவிப் பார்க்க அதிக நேரம் ஆகாது. ஆனால் ஈயச் சன்னம் காந்தத்தில் அகப்படாது.

விபத்தின்போது வீட்டார் நடந்துகொண்ட விதம் நன்று. சுத்தமான துணியால் இறுக்கி அமத்தி, கையை உயர்த்திப் பிடித்து, 1990க்கு அழைத்து, சுவசெரிய அம்புலன்ஸில் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். ஏற்பு ஊசியும் போட்டாயிற்று. கோப்பித்தூள், மஞ்சள் என்று எதையும் அப்பவில்லை. விரல் துண்டாகியிருந்தால் அந்தத் துண்டை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸுக்குள் வைத்துக் கொண்டுபோகவேண்டும். துண்டில் ஐஸ் நேரே படக்கூடாது.

கையுறை விசயத்தில் மட்டும் அவருக்கும் எனக்கும் இன்னும் இணக்கம் வரவில்லை. தோல் கையுறை போட்டிருந்தால் நகம் தப்பியிருக்கும் என்கிறார். இந்த ஒரு விபத்தில் அது உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் கையுறையின் நுனியைப் பிளேட் ஒரு தரம் பிடித்தால் உள்ளே இருக்கும் கையையும் சேர்த்து இழுக்கும். வெறும் விரல் என்றால் பிளேட்டுக்கு இழுத்துப் பிடிக்க எதுவும் இல்லை. இப்போதைக்கு மரம் அடுக்கியிருக்கும் பக்கத்துச் சுவரில் ஒரு ஆணி அடித்து அங்கே கையுறையை மாட்டியிருக்கிறார். மரம் தூக்கும்போது போடுவார், மெஷினுக்கு வரும்போது கழற்றுவார். பிளேட் மாற்றும்போது போடுவது பற்றி எனக்கு ஆட்சேபணை இல்லை, பிளக் கழன்றிருந்தால்.